மூன்று புள்ளி போட்ட செம்புப் பட்டை

என் வீட்டுக்காரர் தவசிமுத்துவிடம் காபி டம்ளரைக் கொடுத்தால் உடனே குடிக்க மாட்டார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பால்காரன் தண்ணீர் கலந்தானா, நான் கலந்தேனா, இல்லை மாடே கலந்து கொடுத்துவிட்டதா என்று விசாரணை முடிந்த பிறகுதான் டம்ளர் உதட்டுக்குப் போகும். கல்யாணமான புதிதில் எனக்கு அழுகை வந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது. அப்புறம், டம்ளரைக் கையில் திணித்துவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விடப் பழகிக்கொண்டேன்.

ராஜபாளையத்தில் எங்களுக்கு மைக் செட் தொழில். 'ஜெயபாய் சவுண்ட் சர்வீஸ்' என்று என் பெயரில்தான் போர்டு. பொண்டாட்டி மேல் பாசம் பொங்கி வைத்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் பெயரில் வைத்தால் எவனாவது கண் வைப்பானாம். என் மேல் வைத்தால் பரவாயில்லையாம்!

பழைய அம்பாசிடர் கார் ஒன்று இருந்தது. மேலே இரண்டு குழாய் ஸ்பீக்கர், பின் சீட்டில் ஆம்ப்ளிபயர், டிக்கியில் நான்கு லாரி பேட்டரி. ஜவுளிக்கடை விளம்பரம், கோயில் கொடைத் திருவிழா, சர்ச் அசன விருந்து எல்லாவற்றுக்கும் அந்தக் கார்தான் போகும். சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதும் அவிழ்க்க மாட்டார்.

என் தம்பி ரத்தினம் நூல் மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்தவன். மில்லை மூடியதும் எங்களோடு வந்து சேர்ந்தான். ஒயரிங், ரிப்பேர், ஸ்பீக்கர் கட்டுவது எல்லாம் அவன் வேலை. ஆனால் லைசென்ஸ் இருந்தும் காரை ஓட்டியது கிடையாது. மச்சான் ஓட்டுவார், மச்சினன் பக்கத்தில் உட்கார்ந்து வருவான்.

அந்தத் தம்பிக்குத்தான் மம்சாபுரத்திலிருந்து சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா ஐயாதுரை, தென்னந்தோப்புக்காரர். பெண் பெயர் ஞானப்பூ. வேலை போன மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க எவர் வருவார்? இந்த மனிதர் வந்தார். ஆனால் ஒரு நிபந்தனையோடு வந்தார்.

"உங்க வீட்டுக்காரரை எனக்கு நல்லாத் தெரியும்மா. அவர் ஒருத்தரையும் நல்லவன்னு சொன்னதில்லை. அவர் வாயால, இந்தப் பயலை நம்பிப் பொண்ணைக் குடுக்கலாம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். எனக்கு அது போதும். அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை, கோயில்ல ஆராதனை முடிஞ்சு உங்க வீட்டுக்கு வாரேன்."

ஊரில் எத்தனையோ பேர் இருக்க, என் தம்பியின் வாழ்க்கை போயும் போயும் இவர் வாயிலா மாட்ட வேண்டும்!

அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் சோழபுரத்தில் மானம் போனது. ஜவுளிக்கடைத் தள்ளுபடியை அறிவித்துக்கொண்டு கார் போகிறது. இடையில் போட்ட பாட்டில் மேளம் வந்த இடத்தில் சத்தம் அப்படியே இழுத்துத் தேய்ந்தது. டிக்கியிலிருந்து புகை. பேட்டரிகளை ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டியிருந்த ஒயர்கள் உருகி ஒழுகிவிட்டன. தெருவே கூடிச் சிரித்ததாம்.

"எவனோ வேணும்னே ஒயரை உருவி விட்டிருக்கான்" என்றார் இவர், வீட்டுக்கு வந்ததும்.

"ஒருத்தரும் உருவலை மச்சான். ஒயரு தாங்கலை" என்றான் ரத்தினம். "மில்லு போர்டுல பஸ் பார்னு ஒன்னு உண்டு. தடிச்ச பட்டை. நாலு பேட்டரி பிளஸ்ஸையும் ஒரே பட்டையில சேத்து முடுக்கிரணும். மைனஸ் நாலையும் இன்னொரு பட்டையில. கரண்டு தாராளமா ஓடும்."

"பட்டைன்னா என்ன பட்டை? இரும்பா?"

"இரும்பு கூடாது. அலுமினியம் விலை கம்மி. ஆனா ரொம்பத் தடியா வாங்கணும், போல்ட்டும் லூசாகிக்கிட்டே இருக்கும். பித்தளை பார்க்கத்தான் கெட்டி, கரண்டு ஓடினா சூடேறிரும். செம்புதான் சரி."

"ஏலே, விலை கூடினதா பார்த்துச் சொல்லுதியே. கமிஷன் எவன் தாரான்?"

தம்பி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் பட்டை வாங்க இவர் கிளம்பினார். விவரம் தெரிந்தவனை விட்டுவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தம்பி வந்தால் கடைக்காரனோடு கண்ணால் பேசிவிடுவானாம். எனக்கு ஒன்றும் தெரியாது என்பதால் நான் நல்ல சாட்சியாம். இந்தப் பெருமையை எங்கே போய்ச் சொல்ல?

முதலில் எங்கள் ஊரிலேயே ஹயக்ரீவன் கடை. நெற்றி நிறைய நாமம், வாய் நிறையச் சிரிப்பு. செம்புப் பட்டை இரண்டை எடுத்துத் துடைத்து முன்னால் வைத்தார்.

"எடுத்துண்டு போய்ப் பாருங்கோ. சரியா இருந்தா வச்சுக்கோங்கோ, இல்லேன்னா கொண்டுவந்து போட்டுடுங்கோ. பணத்துக்கென்ன, அப்புறம் பார்த்துக்கலாம்."

இவர் சூடுபட்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் என் காதோடு சொன்னார்: "காசு வாங்காமச் சாமானைக் குடுக்கான்னா அதுல என்னமோ இருக்கு. வா, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போவோம்."

பஸ்ஸில்தான் போனோம். காரில் போய் இறங்கினால் விலையை ஏற்றிவிடுவார்களாம். அங்கே பழைய சாமான் கடை வைத்திருந்த சோலைச்சாமி, எங்களைக் கண்டதுமே கல்லாப் பெட்டியை இழுத்து மூடினார்.

"பட்டை இருக்கு. கையில தரமாட்டேன். முதல்ல பணத்தைக் கண்ணுல காட்டும்" என்றார்.

இவர் காட்டினார். சோலைச்சாமி ஒவ்வொரு நோட்டையும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். தராசுத் தட்டைக்கூடச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்தார். திருவிழாவில் தொலைந்துபோன கூடப்பிறந்தவனைக் கண்டுபிடித்த மாதிரி என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணத்தன்றுகூட நான் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

சோதனை நடந்தது. கிழிந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பையிலிருந்து எடுத்தார். இரண்டு பட்டையிலும் ஒட்டவில்லை, அதனால் இரும்பு இல்லை. பிறகு அரத்தை எடுத்து ஒரு பட்டையின் மூலையைத் தேய்த்தார். உள்ளே சிவப்பு. அடுத்த பட்டைக்கு அரம் போகும்போதே சோலைச்சாமி கத்தினார்.

"ஓய்! வாங்காத சாமானை அராவுவீரா? ஒன்னை அராவினீரு, சும்மா இருந்தேன். இதுல கை வச்சீரு, எடத்தைக் காலி பண்ணும்!"

இவருக்குக் கோபமே வரவில்லை. "ஏட்டி, பார்த்தியா? சாமான் மேல எம்புட்டு அக்கறை! நம்மளையே நம்ப மாட்டேங்கான். இவன்தான் யோக்கியன்" என்று சொல்லி, பேரம்கூட அதிகம் பேசாமல் இரண்டையும் வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் ஆணியும் சுத்தியலும் எடுத்து, ஒவ்வொரு பட்டையின் ஓரத்திலும் மூன்று புள்ளி குத்தினார். "இது என் அடையாளம். எவனும் மாத்த முடியாது" என்றார். எவனும் என்று சொல்லும்போது ரத்தினத்தைப் பார்த்தார். ரத்தினம் பட்டைகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, ஓட்டை போட லேத் பட்டறைக்குப் போனான்.

போனவன் அன்று சாயந்தரம் பட்டையைக் கொண்டுவரவில்லை. பட்டறையில் கூட்டம் என்றான். அதற்கடுத்த இரண்டு மூன்று சாயந்தரமும் வீடு தங்கவில்லை. எங்கே போனாய் என்று கேட்டால், "ஒரு சோலி இருக்கு அக்கா" என்பான். இவர் ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். ஒன்றும் பேச மாட்டார். இவர் பேசினால் சமாளித்துவிடலாம். பேசாவிட்டால்தான் ஆபத்து.

வெள்ளிக்கிழமை பட்டைகள் வந்தன. சாக்கைப் பிரித்த இவர் ஓரடி பின்னால் போனார். இரண்டும் வெள்ளை வெளேர் என்று இருந்தன.

"ஏலே! செம்பைக் குடுத்தேன், வெள்ளையா கொண்டாந்திருக்கே! அலுமினியத்தை வாங்கிட்டு வந்து என் தலையிலயா கட்டுதே?"

"ஈயம் பூசியிருக்கு மச்சான். பேட்டரி ஆசிட் ஆவி பட்டா செம்பு பச்சையாக் களிம்பு புடிச்சிரும். பிரியாணி அண்டாவுக்குப் பூசுதோம்லா, அதேதான்."

இவர் அரத்தை எடுத்து இரண்டையும் ஓரத்தில் தேய்த்தார். இரண்டிலும் சிவப்பு தெரிந்தது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. இவருக்கு அது போதவில்லை.

"மேல ஈயம். அதுக்குக் கீழ செம்பு. அதுக்கும் கீழ என்ன இருக்கோ, யார் கண்டா?" என்று முனகிக்கொண்டே ஓரத்தை விரலால் தடவினார். ஒரு பட்டையில் ஈயத்துக்கு அடியில் மூன்று புள்ளியும் தட்டுப்பட்டது. இன்னொன்றில் வழவழவென்று இருந்தது. "என் புள்ளி எங்கேல?"

"அந்த ஓரத்தை... செத்த வெட்ட வேண்டியதாப் போச்சு மச்சான்."

சொல்லும்போது ரத்தினம் தரையைப் பார்த்தான்.

அதுதான் என் நெஞ்சில் தைத்தது. என் தம்பி பொய் சொல்லத் தெரியாதவன். சின்ன வயசில் சர்ச் உண்டியலில் போடக் கொடுத்த காசில் ஐஸ் வாங்கித் தின்றுவிட்டு வந்து, நான் கேட்பதற்கு முன்னாலேயே தரையைப் பார்த்தவன். அதே பார்வை. வேலையில்லாத பையன், கல்யாணச் செலவு தலைக்கு மேல் வருகிறது, செம்புக்கோ நல்ல விலை. சே, என்ன புத்தி இது என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டினாலும் அந்த எண்ணம் போகவில்லை.

சனிக்கிழமை பட்டைகளை டிக்கியில் முடுக்கி, பாட்டைப் போட்டார்கள். அடேயப்பா! ஜன்னல் கம்பி அதிர்ந்தது. எதிர் வீட்டு ஆள் வந்து கையெடுத்துக் கும்பிட்டு, குறைக்கச் சொல்லிவிட்டுப் போனார். முழுச் சத்தத்தில் நெடுநேரம் ஓடிய பிறகும் பட்டைகள் சூடாகவில்லை. இவர் தொட்டுப் பார்த்தார், புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு என் பக்கம் வந்து, "அதான் எனக்கு இடிக்கி. செம்பைக் களவாண்டிருந்தா பட்டை சூடேறில்லா இருக்கணும்? இவன் என்ன பண்ணினான்னே பிடிபட மாட்டேங்கு" என்றார்.

எனக்கும் பிடிபடவில்லை. ரத்தினம் கடைக்குப் போன நேரத்தில் அவனுடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். எதற்குத் திறந்தேன்? என் புருஷன் வாயை அடைக்க ஒரு ஆதாரமும் இல்லை என்று எனக்கே நான் காட்டிக்கொள்ளத்தான். சட்டைகளுக்கு அடியில், பழைய கைலியில் சுற்றிய ஏதோ கனமாகத் தட்டுப்பட்டது. கைலியைக் கொஞ்சம்போல விலக்கினேன். செம்பு நிறம். ஓரத்தைப் பெருவிரல் தடவியது. ஒன்று, இரண்டு, மூன்று புள்ளி.

பெட்டியை மூடிவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அடே பாவி, புத்தி இப்படியா போக வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை ஐயாதுரை வந்து போகும்வரை பொறுக்க முடியவில்லையா? அவனைக் கூப்பிட்டு ரெண்டு அறை விட்டுக் கேட்கலாம். கேட்டால் இவர் காதில் விழும். இவர் காதில் விழுந்தால் கல்யாணம் போச்சு. வாயை இறுக மூடிக்கொண்டேன். ராத்திரி ரசத்தில் உப்பு இரண்டு தரம் போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, முழங்கால் வலி என்று சொல்லி இவர் சர்ச்சுக்கு வரவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆராதனை முடிந்து நானும் ரத்தினமும் ஐயாதுரையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறோம். இவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். மடியில் கைலி, கைலியின் மேல் செம்புப் பட்டை.

"வாங்க ஐயாதுரை. ஒரு வார்த்தை கேட்டீகல்லா? வார்த்தை குடுக்கதுக்கு முன்னால பார்க்கணும்லா? பார்த்துட்டேன். நீங்க பார்த்த மாப்பிள்ளையோட பெட்டியில இருந்துச்சு. என் கையால குத்தின புள்ளி. என் செம்பை எடுத்து ஒளிச்சிட்டு, எதையோ வெள்ளையடிச்சு என் கார்ல மாட்டியிருக்கான்."

ஐயாதுரை உட்காரப் போனவர் உட்காரவில்லை. ரத்தினத்தைத் திரும்பிப் பார்த்தார். அவன் தரையைத்தான் பார்த்தான்.

"சொல்லித் தொலையேன்ல!" என்று நான் கத்திவிட்டேன். "அங்கே என்ன புதையலா இருக்கு? வாய்க்குள்ள கொழுக்கட்டையா?"

ஐயாதுரை செருப்பை மாட்டக் காலை நீட்டினார். என் தம்பியின் கல்யாணம் அந்தச் செருப்போடு வாசலைத் தாண்டப் போகிறது. இவர் மடியிலிருந்த பட்டையை வெடுக்கென்று பிடுங்கினேன். எதற்குப் பிடுங்கினேன் என்று தெரியாது, யார் மண்டையிலாவது போடத்தான் இருக்கும். தூக்கிய கையில் வாசல் வெளிச்சம் பட்டது. பட்டையில் ஒரு முனையில் ஒரே ஒரு ஓட்டை போட்டிருந்தது. அதற்குமேல் ஓட்டை போடாமல் நிறுத்தியிருந்தார்கள். அந்த ஓட்டையின் உட்புறம் சிவப்பாக இல்லை.

"ஏங்க. ஓட்டைக்குள்ள பாருங்க" என்றேன்.

"என்ன பார்க்க?"

"பாருங்கங்கேன்! மஞ்சளா இருக்கு. இது செம்பு இல்லை. பித்தளை. மேல மட்டும் செம்புப் பூச்சு."

இவர் அரத்தை எடுத்தார். மூன்று புள்ளிக்குப் பக்கத்திலேயே வைத்து ஒரு இழு இழுத்தார். மஞ்சள். இன்னொரு இழுப்பு. மஞ்சள். சோலைச்சாமி அரம் வைக்க விடாத பட்டை அது. இவர் கை அப்படியே நின்றுவிட்டது.

அப்புறம்தான் என் தம்பி வாய் திறந்தான்.

"லேத்துல மொத ஓட்டை போடும்போதே தூள் மஞ்சளா வந்துச்சு மச்சான். இதை மாட்டினா சோழபுரம் கதைதான் திரும்ப நடக்கும். நீங்களே பார்த்து, நீங்களே சோதிச்சு வாங்கினது. போலின்னு சொன்னா ஊர் சிரிக்கும், நீங்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சண்டைக்குப் போவீக. அதான் ஹயக்ரீவன் கடையில நல்ல செம்பு ஒன்னு வாங்கினேன். அவர் குடோனுக்கு சாயந்தரம் சாயந்தரம் போய் ஒயரிங் பண்ணிக் குடுத்துக் கழிச்சிட்டேன். ஈயம் ஆசிட்டுக்காகத்தான் பூசினேன். ரெண்டு பட்டையும் ஒரே மாதிரி தெரியட்டும்னும்தான்."

எனக்கு அவனைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது. அவன் பெட்டியைத் திறந்த கையால் எப்படிக் கட்டிப்பிடிப்பது?

ஐயாதுரைதான் முதலில் பேசினார். மாட்டிய செருப்பைக் கழற்றாமலே பேசினார்.

"எல்லாம் சரி. ஆனா ஒன்னு இடிக்கே. நல்லதுக்குன்னே இருக்கட்டும், இம்புட்டையும் மூடி மறைச்சிருக்கான்லா? இன்னைக்கு மச்சான்கிட்ட பட்டையை மறைச்சவன், நாளைக்கு எம்பொண்ணுகிட்ட என்னத்தை மறைப்பானோ?"

இவர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"யோவ்! யாரைப் பார்த்து என்ன பேச்சு பேசுதீரு? போலிச் சாமானை நல்ல சாமானா மாத்தி, அதையும் வெளிய சொல்லாம, என் மானத்தைக் காப்பாத்தியிருக்கான். அவனைப் போய்ச் சந்தேகப்படுதீரே, நீரெல்லாம் மனுசனா? இவனை நம்பாம வேற எவனை நம்பிப் பொண்ணைக் குடுப்பீரு?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. வாயை மூடிக்கொண்டார். ஐயாதுரை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, விழுந்த நாற்காலியைத் தூக்கி நிறுத்தி, அதில் உட்கார்ந்தார்.

"இந்த வார்த்தையைக் கேக்கத்தான் மம்சாபுரத்துல இருந்து வந்தேன்" என்றார். "வாற வாரம் கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லிருவோம். மூணு வாரம் வாசிக்கட்டும், பொறவு கல்யாணம்."

சாப்பாடு முடிந்து அவர் கிளம்பும்போது, இவர் வேட்டி மடிப்புக்குள் கையை விட்டார். கயிற்றிலிருந்து கார் சாவியை அவிழ்க்க நெடுநேரம் பிடித்தது, முடிச்சு அப்படி. ரத்தினத்தின் முன்னால் நீட்டினார்.

"மாமனாரைக் கொண்டுபோய் வீட்டுல விட்டுட்டு வா. ஏலே, என்ன முழிக்கே? பிடி."

கார் தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்றார். நான் காபி போட்டு எடுத்து வந்தேன். அவர் பித்தளைப் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தான் குத்திய புள்ளிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, உன் கண்ணுல மட்டும் அந்த ஓட்டை உடனே பட்டுச்சே. இந்தப் பட்டையை நீ முன்னாலேயே பெட்டியில பார்த்தியா?"

வேறு எதில் தவறினாலும் மோப்பத்தில் அவர் தவறமாட்டார்.

"ஓட்டையை இப்பத்தான் பார்த்தேன். பட்டையை நேத்தே பார்த்தேன்."

"பார்த்துட்டு ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"உங்ககிட்டயா?" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். ரத்தினமும் அவரிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்கு மேல் ஒரு கேள்வி வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. டம்ளரை வாங்கினார், சாய்க்காமல் அப்படியே குடித்தார். இருந்த பதற்றத்தில் நான் சீனி போட மறந்திருந்தேன். அதையும் அவர் சொல்லவில்லை.